கார்த்திகையில் வடியாத தண்ணீர்

இதை எழுத எனக்குப் பல வருஷம் தயக்கம். விரதத்தையே குறை சொல்கிறாள் என்று பேசுவார்களே என்ற பயம்தான்.

கொல்கத்தாவில் கார்டன் ரீச்சில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் கார்த்திகைதோறும் ஐயப்பனுக்கு மாலை போட்டுச் செருப்பில்லாமல் நடப்பார். முன்பெல்லாம் அந்த மாதத்தில் எங்கள் சந்து காய்ந்து கிடக்கும். இப்போது பருவத்தை நம்ப முடிவதில்லை. பல வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகையிலும் மழை பெய்து தண்ணீர் தேங்கியது. வளை மூழ்கிய எலிகள் அதில் நீந்தின. பார்த்ததுமே அந்தத் தண்ணீர்மேல் எனக்குச் சந்தேகம்.

"சாமி, செருப்பு போட்டுக்கோங்களேன்."

"ஐயப்பன் பாத்துப்பார். நீ சும்மா இரு."

பக்கத்து வீட்டு பௌதியின், அதாவது வங்காளி அண்ணியின், நாய்க்குக் கண் மஞ்சளானது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வந்த நோய், மனுஷருக்கும் வரும் என்றாராம் கால்நடை டாக்டர். அதே வாரம் இவருக்குக் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி. ஆஸ்பத்திரியில் டெங்கு என்றே நினைத்தார்கள். நான் நாய் விஷயத்தையும், இவர் வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நடந்ததையும் சொன்னேன்.

"நாயையும் அட்மிட் பண்ணணுமா, மாஷிமா?" என்று சித்தி முறை சொல்லிச் சிரித்த டாக்டர், இவர் பாதத்து வெடிப்பைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். ரத்தத்தைச் சோதித்தால், அதே நோய். ஐயப்பன் புண்ணியத்தில் பிழைத்தார்.

இந்த வருஷமும் மாலை போட்டிருக்கிறார். சந்தில் மறுபடி தண்ணீர். குருசாமியே செருப்பு போடச் சொல்லிவிட்டார். ஆனாலும் தெருமுனை தாண்டியதும் கழற்றிவிடுவாரோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

படிப்பவர்கள் இதை அப்படியே நாலு பேரிடம் சொல்லுங்கள். விரதம் தப்பு என்று நடுவில் சேர்த்துவிடாதீர்கள். தண்ணீரைத்தான் நம்பாதீர்கள் என்கிறேன்.