சப்பாத்துக்குள் கார் இலக்கம்

எங்கள் தெருவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் கார் நிறுத்தும் அனுமதி கொடுக்க வேண்டும் என்று நகரசபைக்குக் கடிதம் எழுதியவன் நான். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர் எனக்கு மேல்மாடியில் இருந்த நண்பர். அதற்கு முன்பெல்லாம் லோறென்ஸ்கூக் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கே எங்கள் தெருவில் காரை விட்டுவிட்டு, ரி-பான என்ற நிலத்தடி ரயிலில் ஏறி ஒஸ்லோ நடுவே வேலைக்குப் போய்விடுவார்கள். நண்பர் இரவு வேலை முடிந்து வந்து, இடம் தேடி மூன்று தெரு சுற்றுவார்.

கொமூன என்று நாங்கள் சொல்லும் நகரசபையில் வேறொரு பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால், எந்தச் சொல்லுக்கு அங்கே காது கேட்கும் என்று எனக்குத் தெரியும். அனுமதி வந்தது. கூடவே ஆண்டுக் கட்டணமும் வந்தது. அது ஏறும்போதெல்லாம் நண்பர் என் கதவைத் தட்டுவார்.

"அண்ணை, உங்கடை கடிதம் விலை கூடிக்கொண்டு போகுது."

"கையெழுத்து வாங்கினது ஆர்?"

"நான் வாசிக்காமல் வாங்கினனான்."

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. நானும் எழுதியதைச் சரியாக வாசிக்கவில்லை. குடியிருப்பவர்களின் உரிமை பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை நண்பர் இறந்துபோனார். இங்கே தகனத்துக்கு நாள் கிடைக்க ஒரு கிழமைக்கு மேலாகும். அதுவரை உடல் ஆஸ்பத்திரியில் இருக்கும், செத்தவீடு வீட்டில் நடக்கும். ஆட்கள் வேலை முடிந்த கையோடு வருவார்கள், இருப்பார்கள், போவார்கள். நண்பர் ஒரு செத்தவீட்டையும் தவறவிடாதவர். பெயர் தெரியாதவர்களின் வீட்டுக்கும் போய், மூலையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். ஆகவே முதல் நாளே தெரு நிரம்பியது.

இரண்டாம் நாள் கார் பரிசோதகர் வந்தார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, தன் வேலையைச் செய்தார். வந்தவர்களுக்கு அனுமதி கிடையாது, மணிக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும். பத்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து ஒருவரும் கட்டவில்லை. செத்தவீட்டில் யாரும் பத்து நிமிஷத்தில் எழும்புவதில்லை. கீழே இறங்கிப் போனபோது பதினொரு காரில் தண்டச்சீட்டு இருந்தது.

மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு நான் மேலே போனேன். கூடத்தில் இரவல் கதிரைகள் வரிசையாகக் கிடந்தன. நண்பரின் மனைவியும் மகளும் மட்டும் இருந்தார்கள். மகள் போனைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் நேரா சுடலைக்கு வருகினமாம் அம்மா" என்றாள். மனைவி என்னைப் பார்த்தார்.

"அண்ணை, ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

"கார் விடுறது கரைச்சல், தங்கச்சி. அதுதான்."

"அவர் கார் இல்லாத காலத்திலை பனிக்கை பஸ் மாறி மாறிப் போனவர். ஒரு வீடு விடேல்லை." வெற்றுக் கதிரைகளைப் பார்த்தார். "வெறும் வீட்டிலை இருந்தே அவரை நான் அனுப்புறது?"

என்னிடம் எப்போதும் இருப்பது நடைமுறை ஒன்றுதான்.

கட்டணம் கட்டும் செயலி என் போனில் இருந்தது. அதில் யாருடைய கார் இலக்கத்தையும் போடலாம், எத்தனை காரையும் போடலாம். வந்ததும் தொடங்க வேண்டும், போகும்போது நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் மாலை எட்டு மணி வரை ஓடிக்கொண்டிருக்கும். எட்டுக்குப் பிறகு காசில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் விடிய நாலரைக்கு எழும்பி வேலைக்குப் போகும் சனத்தை எட்டுக்குப் பிறகு வரச் சொல்ல முடியாது. வந்த தண்டங்களுக்கு நான் மேல்முறையீடு எழுதுவேன் என்றும், இனிக் கார்ப் பொறுப்பு என்னுடையது என்றும் மகளைக்கொண்டு எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். மேல்முறையீடு வெல்லாது என்பது எனக்குத் தெரியும். அதைச் செய்தியில் போடவில்லை.

நாலாம் நாள் சனம் திரும்பி வந்தது. நான் படிக்கட்டின் திருப்பத்தில் மடிப்புக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முதலில் என்னிடம் இலக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதார்கள்.

"என்ன அண்ணை, பென்சன் எடுத்தவரைக் கொமூன திரும்பக் கூப்பிட்டிட்டுதோ?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓம், சம்பளமில்லாமல். உம்மடை இலக்கத்தைச் சொல்லும்."

தொடங்குவதில் சிக்கல் இருக்கவில்லை, நிறுத்துவதில்தான் இருந்தது. ஒருவரும் போகும்போது என்னிடம் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள். பதினேழு கார்கள் என் போனில் ஓடிக்கொண்டிருந்தன, தெருவில் ஆறுதான் நின்றன. லில்லெஸ்ட்ரோமிலிருந்து வந்திருந்த வயதான அம்மா ஒருவர் இறங்கும்போது அவரை மறித்தேன்.

"அக்கா, போகேக்கை ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்கோவன்."

அவர் அதிர்ந்துபோய் நின்றார். "செத்தவீட்டிலை போட்டு வாறன் எண்டு ஆரும் சொல்லுவினமே? படிச்ச மனிசன் கேக்கிற கேள்வியே இது?"

"வாறன் எண்டு சொல்ல வேண்டாம். போறன் எண்டு மட்டும்."

"அதுவும் சொல்லக்கூடாது! வாயை மூடிக்கொண்டிரும் தம்பி." சொல்லிவிட்டு, சொன்னதே பிழையென்பதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

முப்பது வருடம் எத்தனையோ சட்டவிதிகளோடு மாரடித்திருக்கிறேன். இரண்டு விதிகள் இப்படி நேருக்கு நேர் முட்டியதைக் கண்டதில்லை. அன்றிரவு கடதாசியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினேன்.

அடுத்த நாள் கார் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி, வந்தவர் வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்துக்குள் வைத்தேன். பக்கத்தில் ஒரு வெற்று ஐஸ்கிரீம் பெட்டி. திரும்பிப் போகிறவர் சப்பாத்தைப் போடும்போது துண்டை எடுத்துப் பெட்டியில் போட்டால் போதும், ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. நான் பெட்டியைப் பார்த்து அந்தக் காரின் கட்டணத்தை நிறுத்துவேன். ஒருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாச் சப்பாத்தும் கறுப்பு என்பதால் ஒருவர் இன்னொருவருடையதைப் போட்டுக்கொண்டு போனதும், தெருவில் நிற்கிற காருக்கு நான் கட்டணத்தை நிறுத்தியதும், பரிசோதகர் வருகிறார் என்று கண்டு காலுறையோடு ஒருவரைத் தெருவுக்கு ஓடவிட்டதும் நடந்தன. அந்த மாதம் என் வங்கிக் கணக்குக்கு என்ன ஆனது என்று இங்கே எழுதப்போவதில்லை. செத்தவீட்டில் காசு கேட்க முடியாது என்ற விதியும் எங்களிடம் இருக்கிறது.

தகனத்துக்கு முதல் நாள் மாலை கடைசி ஆளும் போனபின், நண்பரின் மனைவி வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். ஐந்து நாளாக நான் அந்தக் கூடத்துக்குள் போகவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் முதுகு பலகையாகியிருந்தது.

"அண்ணை, அந்தத் துண்டுகள் எல்லாம் வைச்சிருக்கிறியளோ?"

"பெட்டியிலை கிடக்கு. எறியத்தான்."

"எறியாதேங்கோ. நான் அழுதுகொண்டு இருந்திட்டன், ஆர் வந்தது, ஆர் போனதெண்டு ஒண்டும் தெரியாது. அவையின்ரை வீட்டிலை ஒண்டெண்டால் நான் போகவேணும்."

அவர் மகளின் பள்ளிக் கொப்பியொன்றை எடுத்துவந்தார். நான் இலக்கத்தை வாசித்தேன், எந்தக் கார் யாருடையது என்று சொன்னேன், அவர் பெயரை எழுதினார். சிலருடைய பெயர் எனக்குத் தெரியவில்லை. "வெள்ளை வான், மீசைக்காரன்" என்றால் அவருக்குத் தெரிந்தது. ஒரு இலக்கம் மட்டும் மிஞ்சியது. இரண்டு நாள் வந்த சாம்பல் நிறக் கார். அதில் வந்தவரின் முகம் எனக்கு ஞாபகமில்லை. களைப்பில் கடைசி நாட்களில் நான் முகங்களைப் பார்க்கவில்லை, இலக்கங்களைத்தான் பார்த்தேன்.

"ஆரெண்டு பாக்க ஏலாதோ?"

ஏலும். வாகனப் பதிவேட்டில் உள்நுழைந்து தேடினால் உரிமையாளர் பெயர் வரும். கண் எரிய எரிய அதையும் செய்தேன். வந்தது ஒரு கார் வாடகை நிறுவனத்தின் பெயர்.

"வாடகைக் கார், தங்கச்சி. ஆளைக் கண்டுபிடிக்கேலாது. அதுக்குமேலை தர மாட்டாங்கள்."

"கார் இல்லாத ஆரோ அண்ணை. இவருக்காக வாடகைக்கு எடுத்து வந்திருக்கினம்." அவர் குரல் அந்தக் கிழமையில் முதல் தடவையாகச் சற்று நிமிர்ந்திருந்தது. "ரெண்டு நாளோ வந்தது?"

"ரெண்டு நாள். ரெண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது."

பட்டியலின் அடியில் 'வாடகைக் கார்' என்று எழுதி, பக்கத்தில் 'இரண்டு நாள்' என்றும் எழுதி, கொப்பியை மூடினார்.