இரண்டு நீலப் புள்ளிகள்

கோல்ப் மட்டையை வீசிப் பந்தை அடித்து முடித்த பிறகுதான், சற்றுத் தள்ளிப் புல்லுக்குள் தன் பந்து கிடப்பதைப் பார்த்தாள். பேனாவால் அவளே வைத்த இரண்டு நீலப் புள்ளிகள். அப்படியானால் இப்போது பறந்துபோனது எதிராளியின் பந்து. எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிடும் அந்த இளைஞன், மரத்தடி முட்புதரில் குனிந்து அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான். அவன் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

ஏழு மாதத்துக்கு முன் தேர்வில் ஒரு கேள்விக்கான விடையை இன்னொரு கேள்விக்கு எழுதிவிட்டதை உணர்ந்ததும் இப்படி எல்லாம் முடிந்த பிறகுதான். அன்று மூச்சு முட்டி எழுந்து ஓடியவள், வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். டாக்டர் மாத்திரை எழுதினார், பேசினார், கொஞ்சம் வெயிலில் இரு என்றும் சொன்னார். கோல்ப் மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டும் அண்ணி அந்தக் கடைசி வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சுவத்தையே பார்த்துப் பார்த்து நீயும் சுண்ணாம்பாயிட்டே. எழுந்திரு."

"எனக்கு மட்டை பிடிக்கவே தெரியாது, அண்ணி."

"அது பந்துக்குத் தெரியாது. வா."

முதல் வாரம் பந்தைவிட மண்ணைத்தான் அதிகம் அடித்தாள். "நல்லா உழுறே, விதை வாங்கிட்டு வரட்டுமா?" என்று அண்ணி வண்டியிலிருந்தே கத்தினாள். குழிக்குக் குழி நடக்க வேண்டியிருந்தது. நடக்கும்போது அடுத்த அடியைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. ராத்திரி தூக்கம் வந்தது. இன்றைய ஆட்டத்தில் ஒன்பது குழியும் முடித்தால் நாளை திரும்பவும் கல்லூரிக்குப் போவது என்று அண்ணியோடு ஒப்பந்தம்.

இது ஏழாவது குழி. வெளிவாசல் கூப்பிடு தூரத்தில் திறந்தே கிடந்தது.

கையைத் தூக்கினாள். "இங்க வாங்க. உங்க பந்தை நான் அடிச்சிட்டேன்."

சோடாபுட்டி முட்டியில் மண்ணோடு வந்தான். "அடப்பாவமே, நான் முள்ளுக்குள்ள தலையை விட்டுட்டிருக்கேன். எங்க போச்சு?"

"குழிக் கொடிக்குப் பக்கத்துல."

"நான் அடிச்சா அதுல பாதிகூடப் போகாது. அங்கேயே இருக்கட்டுமே?"

"ஆசையைப் பாரு. உங்களுக்குப் பழைய இடம்தான். என் கணக்குல ரெண்டு அடி கூடும், அதான் தண்டனை."

கணக்கு அட்டையில் இரண்டைக் கூட்டி எழுதினாள். அடித்தாள். தன் பந்தைத்தான்.

ஆட்டம் முடிந்து வந்தபோது அண்ணி சக்கரத்தில் ஒட்டிய புல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"தோத்துட்டேன் அண்ணி. நாலு அடி கூடிப்போச்சு."

"ஒன்பதும் முடிச்சியா?"

"முடிச்சேன்."

"அப்ப காலேஜ் பையை எடுத்து வை."

மறுநாள் ஏழரை மணிப் பேருந்தில் கல்லூரிக்குப் போனாள். கடைசி பெஞ்சில் இடம் இருந்தது. இரண்டாவது வகுப்பில் ஒருமுறை வெளியே போய் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நான்கு மணிக்கு வகுப்பு முடிந்தது. சாயங்காலம் மழை பெய்ததால் மைதானம் மூடியிருந்தது. நேராக வீட்டுக்கு வந்து அடுத்த நாளுக்கான பையை எடுத்து வைத்தாள்.