கரையில் நான் கேட்ட ஒரே வார்த்தை

அன்பானவர்களே, இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது. வாரா வாரம் இந்த வீட்டு ஜெபத்துக்கு வருவேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரும் என்னைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொள்வேன். கடலிலிருந்து மகளைத் திருப்பிக் கொடுத்த ஆண்டவர் என் கணவரை ஏன் கொடுக்கவில்லை என்ற கோபம் எனக்கு. அது முழுவதும் போய்விட்டது என்று இன்றும் பொய் சொல்ல மாட்டேன்.

நாங்கள் இருப்பது கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில். என் கணவர் மத்திய அரசு கிளார்க்காக இருந்தார். எங்கள் ஒரே மகள் ஜெனி டில்லியிலேயே பிறந்தவள், தமிழ் அரைகுறை. நான் விடுவேனா? வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் இந்தி பேசக் கூடாது, பேசினால் அன்றைக்கு டி.வி. கிடையாது என்று சட்டம் போட்டிருந்தேன். அப்பாவும் மகளும் என் முதுகுக்குப் பின்னால் இந்தியில் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள்.

அவளுக்குப் பத்து வயதான மே மாத லீவில் தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனோம். என் அண்ணன் அங்கே வல்லம் என்கிற சின்னப் படகில் போய்த் தூண்டில் போடுகிறவர். “மாமாகூட ஒரு நாள் மீன் பிடிக்கப் போயிட்டு வா. தமிழாவது வாயில வரும்” என்று நான்தான் அவளை அனுப்பினேன். என் கணவருக்கு நீச்சல் தெரியாது, கடலென்றாலே பயம். “உங்க அண்ணன் பேசுறது அவளுக்குப் புரியணுமே. மொழிபெயர்க்க ஆள் வேண்டாமா?” என்று சிரித்துக்கொண்டே அவரும் ஏறிவிட்டார்.

காலையில் போனவர்கள் பத்து மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். திடீரென்று காற்று எழும்பியது. மற்ற படகுகளெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. எங்களுடையது வரவில்லை. நான் மணலில் முழங்கால் போட்டேன். நீளமாக ஜெபிக்க வாய் வரவில்லை. “ஆண்டவரே, கைவிடாதேயும்.” மதியம் மூன்று மணி வரைக்கும் அதையேதான் சொன்னேன்.

தேடிப் போன படகு அண்ணனையும் ஜெனியையும் கொண்டுவந்தது. இவர் இல்லை. மறுநாள்தான் கரை ஒதுங்கினார். அங்கேயே அடக்கம் செய்தோம். கவிழ்ந்த வல்லத்தின் கயிற்றை ஜெனி பிடித்துக்கொண்டிருந்தாள் என்று மட்டும் அண்ணன் சொன்னார். அண்ணன் படகின் மறுபக்கம் கிடந்ததால் வேறு எதையும் பார்க்கவில்லை. அவளும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

டில்லிக்குத் திரும்பினோம். அவருடைய அலுவலகத்திலேயே எனக்கு வேலை கொடுத்தார்கள். வேலைக்குப் போனேன், சமைத்தேன். எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் மட்டும் நின்றுபோனது.

போன மாதம் ஒரு ஞாயிறு மாலை சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். என்னையறியாமல் “கைவிடாதேயும்” என்று வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஜெனி கேட்டாள்.

“அம்மா, அன்னைக்கும் நீங்க இதைத்தான் சொன்னீங்கன்னு கரையில உங்ககூட நின்ன மாமி சொன்னாங்க. கைவிடாதேன்னா, மத்லப், அர்த்தம் என்னம்மா?”

“பிடிச்ச கைய விட்டுறாதன்னு அர்த்தம்.”

அவள் முகம் மாறியது. “மாமா அந்தப் பக்கத்துல இருந்து ‘கயித்த விடாதட்டி’ன்னு கத்துனாங்க. எனக்கு ‘விடு’ன்னு கேட்டுச்சு. ஒரு கைய விட்டுட்டேன். அப்பாதான் என் கைய கயித்து மேல வச்சு அமுக்கிட்டு, ‘சோட்னா மத், பேட்டா, சோட்னா மத்’னு சொல்லிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒரு பெரிய அலை வந்துச்சு. அதுக்கப்புறம் நானே சொல்லிட்டு இருந்தேன்.”

சோட்னா மத். விட்டுவிடாதே. நான் கரையில் தமிழில் ஆண்டவரிடம் கேட்ட அதே வார்த்தை, அவர் வாயிலிருந்து என் பிள்ளையிடம் போயிருக்கிறது.

“ஏட்டி, இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“அப்பா இந்தியிலதான சொன்னாங்க. வீட்டுக்குள்ள சொல்லக் கூடாதுல்ல?”

மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் சட்டத்துக்குப் பயந்து என் பிள்ளை தன் அப்பாவின் கடைசிப் பேச்சை மூன்று வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாள். ஆண்டவர் பதில் கொடுத்திருந்தார். அதை என் வீட்டுக்குள் வர விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்தவள் நான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் இல்லை. நான் தமிழில் ஜெபிக்கிறேன், ஜெனி இந்தியில் ஜெபிக்கிறாள். அவர் இல்லாத வருத்தம் தீரவில்லை. ஆனாலும் கயிற்றின் மேல் என் மகளின் கையை அமுக்கிய அந்தக் கைக்காக நன்றி சொல்கிறேன். துக்கத்தில் இருப்பவர்களே, கோபத்தோடாவது ஆண்டவரிடம் கேளுங்கள். பதில் எந்த பாஷையில் வர வேண்டும் என்று மட்டும் சட்டம் போடாதீர்கள்.