அலுமாரிக்கு வந்த சங்கு

பிள்ளைகளே, நேற்று நீங்கள் பொறுக்கி வந்த சங்கு மேசையில் நடந்ததைக் கண்டதும், எனக்குப் பெரியப்பாவின் நினைவு வந்து வாய் கசந்தது.

சண்டைக்காலம். சல்லிக் கிராமத்தில் இருந்த எங்கள் வீட்டை விட்டு ஓடி, பாலையூற்றில் அவர் வீட்டில் ஒதுங்கியிருந்தோம். கண்ணாடி அலுமாரியில் வைத்து வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று அவர் ஒரு சங்கு கொண்டுவந்தார். அதற்குள்ளும், உங்களுடையதைப் போலவே, வெறுஞ்சங்கில் குடிபுகுந்த ஒரு நண்டு. நான் சட்டியில் ஈரமணல் போட்டு, தேங்காய்ப்பூ கொடுத்து அதைப் பார்த்துக்கொண்டேன்.

“அடுத்தவன்ர வீட்டுக்குள்ள பூந்து இருக்கிற வெக்கங்கெட்ட சீவன்,” என்றார் பெரியப்பா, எங்களைப் பார்த்துக்கொண்டே. “சுடுதண்ணியை ஊத்து பிள்ளை. எனக்குச் சங்குதான் வேணும்.”

“ஓம் அத்தான்,” என்றார் அம்மா.

அவர் வெளியே போனதும் அம்மாவும் நானும் நண்டைச் சங்கோடு கடற்கரையில் விட்டோம். பின்னேரம் வந்தவர் சங்கைக் கேட்டார். அம்மா கொதித்த தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டு நீட்டினார்.

“அது வீட்டையும் தூக்கிக்கொண்டு போயிட்டுது அத்தான். எங்களுக்குத்தான் ஏலாமல் போச்சு.”

அந்தப் பெரிய மனிதர் ஒரு மிடறு குடித்தார்.

“சீனி காணாது,” என்றார்.

வாருங்கள், உங்கள் நண்டையும் சங்கோடு விட்டுவிட்டு வருவோம். நம் அலுமாரி வெறுமையாகவே இருக்கட்டும்.