காத்திருக்கச் சொன்னதாக நான் படித்த கார்டு

எங்கள் அக்கா புதுச்சத்திரத்தில் பிறந்தார். அப்பா சேலம் – நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டர். அம்மா சீக்கிரமே காலமானதால், அடுப்பு வேலையை முடித்துவிட்டே அக்கா பள்ளிக்கு ஓடுவார். அப்படியும் எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் எடுத்தார்.

பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவே பி.யு.சி. என்ற ஓராண்டுப் படிப்பு அப்போதுதான் வந்திருந்தது. "அது டாக்டருக்குப் படிக்கிறதுங்களா?" என்று எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரையே அப்பா கேட்டார். அக்கா திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். ஹாஸ்டலில் துணி மாறிவிடும் என்று யாரோ சொல்ல, போர்வையிலும் பாவாடையிலும் சிவப்பு நூலால் தம் பெயரின் முதலெழுத்தைத் தைத்து வைத்தார்.

சின்னம்மாவின் பிரசவத்துக்காக அக்கா சேந்தமங்கலம் போயிருந்தபோது கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. எட்டாம் வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கும் என்னிடம் அப்பா அதை நீட்டினார்.

"என்ன சாமி போட்டிருக்குது?"

வெயிட்டிங் லிஸ்ட் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. "நாம காத்திருக்கோணுமாமுங்கப்பா" என்றேன். கீழே இருந்த இரண்டு வரிகள் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

குறித்த தேதியில் நேரில் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்பதே அந்த வரிகள். அக்கா திரும்பி வந்து படித்தபோது தேதி கடந்து இரண்டு நாளாகியிருந்தது. அப்பாவும் அக்காவும் திருச்சிக்கு ஓடினார்கள். இடம் போய்விட்டிருந்தது.

"அத்தனை தூரம் போயி இருக்க எனக்கே மனசில்லீங்கப்பா, உடுங்க" என்றார் அக்கா. மறுநாள் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு சிவப்பு நூலை ஊசியால் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை.

பிறகு ஆசிரியப் பயிற்சி முடித்து, சேந்தமங்கலத்தில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். எனக்கு அதே கல்லூரியில் பி.யு.சி. கிடைத்தபோது கூடவே வந்தார். ஆபீஸில் ஒவ்வொரு சொல்லாக விசாரித்தார். "குரூப்புன்னா என்னங்க? பார்ட் ஒன்னுன்னா?" கிளார்க் சிரித்தார். "சிரிச்சாலுஞ் செரீங்க, தெரியாம ஊட்டுக்குப் போகக்கூடாது" என்றவர், கடைசியாக, "வெயிட்டிங் லிஸ்ட்னா எத்தனை நாளைக்குள்ள வரோணுமுங்க?" என்று கேட்டார். எனக்கோ இடம் உறுதியாகியிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சென்ற ஆண்டு, என் பி.ஏ. பரீட்சை முடிந்த வாரத்தில், இருதய நோய் முற்றி அக்கா சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றுதான் என் வாய் திறந்தது.

"அக்கா, அந்தக் கார்டை நாந்தான் தப்பாப் படிச்சேன்."

"தெரியுஞ் சாமி. அப்பா அன்னைக்கே சொல்லிப்போட்டாரு. எங்கே நீ பயந்துக்கிட்டு படிப்பை உட்டுப்போடுவியோன்னுதான் நான் வாயே தொறக்கல."

மூன்றாம் நாள் இறைவன் அவரை அழைத்துக்கொண்டார். வயது இருபத்து நான்கு.

அவரைக் கவனித்த டாக்டருக்கும் நர்ஸம்மாக்களுக்கும், கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி ஜெபித்து அவஸ்தைப்பூசுதல் தந்த பங்குச் சாமியாருக்கும், வகுப்பை விட்டுவிட்டு வந்து முறைபோட்டுத் துணையிருந்த அவருடைய பள்ளி ஆசிரியைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அடக்கம் முடிந்த நாற்பதாம் நாள் என் தேர்வு முடிவு வந்தது. அதை அக்காவிடம் சொல்லக் கல்லறைத் தோட்டம் வரை என்னோடு நடந்து வந்த, இன்று அவருடைய முதலாண்டு நினைவு நாளில் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.