பிந்திச் சூடேறிய அடுப்பு

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கையெழுத்து வைத்தது மட்டும்தான். சிரமப்பட்டு வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஜேர்மனியில், ஹம் நகருக்கு வெளியே அண்ணன் வாங்கிய பழைய வீட்டில் அண்ணன், அண்ணியோடு நானும் இருக்கிறேன். ஒரு இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் எனக்கு வேலை. வேலைக்குப் போகுமுன் வீட்டு விறகடுப்பை மூட்டுவதும் என் வேலைதான். வெளியே பச்சை ஓடு, முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே செங்கல்லும் கல்லுமாக, கூடத்தில் ஆளுயரத்துக்கு நிற்கிற அடுப்பு அது. கூடத்துக்கு வேறு வெப்பமூட்டி கிடையாது. இரும்பு அடுப்பைப் போல அது மூட்டிய உடனே சுடாது. காற்று வழியை முழுக்கத் திறந்து, விறகை ஒரே மூச்சில் எரியவிட்டு, தணலானதும் மூட வேண்டும். கல் அந்தச் சூட்டை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, மணிக்கணக்காகப் பொறுத்துத்தான் வெளியே விடும். விடத் தொடங்கினால் படுக்கப் போகும்வரை விடும்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மன்னார்ப் பெண். கணவர் இறந்துவிட்டார், முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டொரு தடவை தொலைபேசியில் பேசினோம். பேசியது அவர், கேட்டது நான். வைக்கும்போது “பிறகு எடுக்கிறன்” என்பார். அந்தச் சொல்லுக்காகவே நாள் முழுக்கக் காத்திருப்பேன். இது சரிவர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுபோல வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை. புதுச் சட்டை ஒன்று வாங்கி, அண்ணி கண்டால் சிரிப்பா என்று பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து அவரும் அவருடைய தமையனும் வருவதாக இருந்தது. அதற்கு முந்திய இரண்டு நாளும் நாங்கள் கலியாண வீடொன்றுக்குப் போயிருந்ததால் அடுப்பு உள்ளுக்குள்ளேயே குளிர்ந்து கிடந்தது. விடியவே மூட்டுவோம் என்றேன்.

“அவையள் வரேக்கை எரிஞ்சால் காணும்,” என்றார் அண்ணன். “கண்ணாடிக்குள்ளாலை நெருப்புத் தெரிய வேணும். தணலையே காட்டப் போறாய்?”

ஊரில் அடுப்பென்றால் நெருப்பு வைத்த உடனே சுடும். அண்ணனுக்கு அந்த நினைப்பு. நான் மறுத்துப் பேசவில்லை. பேசிப் பழக்கமும் இல்லை.

அவர்கள் படலையைத் திறக்கும்போதுதான் மூட்டினேன். நெருப்பு அழகாகத்தான் எரிந்தது. ஓடு பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவர் கோட்டைக் கழற்றவில்லை. தமையன் கையைத் தேய்த்துத் தேய்த்து அடுப்பைப் பார்த்தார். அண்ணி இரண்டாம் தரமும் தேத்தண்ணி கொண்டு வந்தா.

“என்ன அண்ணை, இது சுடாதோ?” என்று தமையன் கேட்டார்.

அண்ணன் என் தோளில் தட்டினார். “உவன் மூட்டின அடுப்பெல்லே. உவனை மாதிரித்தான். எவ்வளவு விறகு போட்டாலும் சூடு வராது.”

தமையன் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. நானும் சிரித்தேன். அவர் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார்.

போகும்போது வாசலில் குடையை எடுத்துக் கொடுத்தேன். தமையன் காரடிக்குப் போய்விட்டார். அவர் மெல்லிய குரலில் சொன்னார்:

“உங்களைச் சொல்லேக்கை நீங்களும் சேர்ந்து சிரிச்சனீங்கள். நாளைக்கு என்னைச் சொன்னாலும் சிரிப்பியள்.”

என் வாயில் வந்தது “ஓம்” மட்டும்தான்.

பின்னேரம் ஓடு சூடேறத் தொடங்கியது. அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு முதுகை அதில் சாய்த்து, இப்போதுதான் சுகமாக இருக்கிறது என்றபடி நித்திரையாகிவிட்டார். தமையனின் தொலைபேசி வந்தபோது அண்ணி எடுத்தா. பெண்ணுக்கு விருப்பமில்லையாம் என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டா. புதுச் சட்டையோடேயே இருந்து சாப்பிட்டேன்.

இன்று பூசை முடிந்து வெளியே வந்தபோது அவரைக் கண்டேன். பக்கத்தில் கணவர். கலியாணம் நடந்தது எனக்கு முன்பே தெரியும். அவராகவே கிட்ட வந்து சுகம் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார்.

“உவனுக்கென்ன குறை? எங்கடை அடுப்புக்கு உவன்தானே புருசன்.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரிக்கவில்லை. சிரித்தது அவருடைய கணவர்.

2024 தை 21, ஞாயிற்றுக்கிழமை