நாலு ஃபேனுக்கு ஒரு கண்ட்ரோலர்

அரக்கோணத்தில் அக்கா மகன் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு ஃபேன்கள், ஏழுக்கும் சேர்த்து ஒரே கண்ட்ரோலர். சத்தமே இல்லாமல் கலர் கலராகச் சுற்றுகின்றன. அவன் பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்க, நான் குனிந்து பெட்டியை மோந்து பார்த்தேன். சிரித்தான். சிரிக்கட்டும். வயர் கருகும் வாசனை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது.

அவன் அப்பாவும், அதாவது என் பாவாவும், நானும் ஒரு காலத்தில் திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தோம். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் தெருக்காரர்கள் மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டு, கூட்டத்தில் தவறிய பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்த்துவைப்பார்கள். மைக்கில் கூப்பிடுவதோடு பிள்ளையின் படத்தையும் பெரிய திரையில் காட்டலாம் என்றார் பாவா. திரையைச் சற்றுத் தள்ளி, காவடிகள் திரும்பும் முனையில் கட்டினோம். கம்ப்யூட்டர் கொட்டகையில். ஆடி வெயிலில் அந்தத் தகரத்தில் அப்பளம் பொரிக்கலாம் என்பதால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நாலு ஃபேன்.

நாலின் இரைச்சலும் மைக்கில் புகுந்தது. பாவா பழைய கண்ட்ரோலர் ஒன்றைப் பிடித்துவந்தார். அதில் ஒரே ஒரு இணைப்புதான் உயிரோடு இருந்தது. நாலு ஃபேனையும் அதிலேயே முறுக்கிவிட்டார். மைக்கில் பேசும்போது திருகி வேகத்தைக் குறைக்கலாம், முடிந்ததும் கூட்டலாம். தாங்குமா என்று கேட்டேன்.

"ஒரு மோட்டாரு நாலு கயனிக்குத் தண்ணி எறைக்கல? போடா," என்றார். அக்கா புருஷனாயிற்றே, இன்சுலேஷன் டேப்பை எடுத்து நீட்டினேன்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலை. அம்மாவோடு மட்டும் வந்தவளாம். பாவா மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் அழாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மாக்குக் காது கேக்காது. பேசவும் வராது."

பாவா மைக்கைக் கீழே வைத்தார். இனி திரைதான் கதி. படத்தை எடுத்துத் திரையில் ஏற்றிய சற்று நேரத்தில் அந்த வாசனை வந்தது. கண்ட்ரோலர் கருகி நாலு ஃபேனும் ஒரேயடியாக நின்றன. சூடு தாங்காமல் கம்ப்யூட்டரும் அணைந்தது. திரை கறுப்பு.

வெளியே பம்பையும் அரோகராவும். அதில் ஒன்றும் காதில் விழாமல், யாரிடமும் கேட்கவும் முடியாமல், ஒருத்தி எங்கோ அலைந்துகொண்டிருக்கிறாள். கண்ட்ரோலரைப் பிய்த்தெறிந்துவிட்டு, ஃபேன் வயர்களை நேராகப் பவர் சப்ளையோடு சேர்த்தோம். பாவா பதற்றத்தில் வயரைப் பல்லால் உரித்தார், கட்டர் அவர் மடியிலேயே கிடந்தது. பெட்டி ஆறட்டும் என்று அட்டையால் விசிறினேன். ஒருமுறை உயிர் வந்து, போயிற்று. மறுமுறை நிலைத்தது. ஃபேன்கள் முழு வேகத்தில் கத்தின. மைக்குக்குத்தான் இப்போது வேலையில்லையே.

படம் ஏறிவிட்டது. ஆனால் யாரும் வரவில்லை. அப்போதுதான் எங்கள் மரமண்டைக்கு எட்டியது. பிள்ளையை எங்கே வந்து வாங்கிக்கொள்வது என்பதை மைக்கில்தான் சொல்லியிருந்தோம். திரையில் முகம் மட்டும். பாவா சிறுமியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

திரைக்கு அடியில் அந்த அம்மா நின்றிருந்தாள். படத்தைக் காட்டுவதும் தன் நெஞ்சைத் தட்டுவதுமாக அழுதுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக் காவடி எடுத்துவந்தவர்கள் கூட்டம், எல்லோரும் திரையை அண்ணாந்து பார்த்தபடி. வேண்டுதல் காவடியை நடுவழியில் இறக்கக் கூடாது என்பார்கள். இறக்கிவைத்திருந்தார்கள். அதில் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "தோ வர்து பாரும்மா," என்றார். சொன்ன பிறகு நினைவு வந்தவராக, அவள் தோளைத் தொட்டுத் திருப்பினார். மகளை வாங்கிக்கொண்டவள் எங்களைப் பார்க்கவேயில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

இப்போது பிள்ளைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். நல்லதுதான். கொட்டகை போடுவதில்லை, எங்கள் கடையும் இல்லை. போன கிருத்திகைக்கு அந்த முனையில் போய் நின்றேன். அதே இடத்தில் இன்னும் பெரிய திரை, ஏதோ நகைக்கடை விளம்பரம். கூட்டமும் அன்றைவிட அதிகம்தான். யார் பெற்ற பிள்ளைக்கோ காவடியை இறக்கிவைத்துவிட்டு நின்ற அந்த ஜனங்களைத்தான் காணவில்லை.